ட்யூபுக்குள்ள உயிர் இருக்காம்!

கிட்டார் வாசிக்கிறவங்க நாலு பேர் சேர்ந்தால் போதும், ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருத்தர் அந்த வசனத்தை எடுத்து விடுவார். "என்ன இருந்தாலும் நிஜ ஆம்ப் மாதிரி வராதுப்பா. டிஜிட்டல்ல உயிர் இல்ல." சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு. சுற்றி இருப்பவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். அதற்கு மேல் கேள்வி கேட்டால் "உனக்கு இன்னும் காது பழகல தம்பி" என்று முடித்துவிடுவார்கள்.

எனக்குக் காது இருக்கிறதா இல்லையா என்பது அப்புறம். முதலில் இந்த "உயிர்" என்பது என்ன, அதை எந்தத் தராசில் வைத்து நிறுத்தார்கள் என்று கேட்போம். படிப்பது பி.காம். எதைச் சொன்னாலும் "வவுச்சர் எங்கே?" என்று கேட்டுப் பழகிவிட்டது, மன்னிக்கவும்.

என் கட்சி இதுதான். ஒரு ஆம்ப்பை ஒரு குறிப்பிட்ட செட்டிங்கில் வைத்து, முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்தால் வரும் சத்தம் இருக்கிறதே, அதை இன்றைய நல்ல மாடலர்களும் ப்ரொஃபைலர்களும் கண்ணைக் கட்டிவிட்டால் பெரும்பாலானவர்களால் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டன. இன்னும் கொண்டுவராத விஷயங்களும் உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் ட்யூப் ஆம்ப் பக்தர்கள் குறை சொல்வது பெரும்பாலும் அந்த விஷயங்களைப் பற்றி இல்லை. அவர்கள் சொல்வது சத்தத்தைப் பற்றியே இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஆம்ப் தெரியாத காமர்ஸ் கண்மணிகளுக்கு

வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரின் வேலை உள்ளே போனதை மாற்றாமல் பெரிசாக்குவது. கிட்டார் ஆம்ப்பின் வேலை நேர் எதிர். உள்ளே போவதைக் கெடுத்துக் கொடுக்க வேண்டும், ஆனால் அழகாகக் கெடுக்க வேண்டும். அந்தக் காலத்து வால்வு ரேடியோவுக்குள் மினுக் மினுக்கென்று எரியுமே கண்ணாடிக் குழாய், அதே ஜாதிதான் இதற்குள்ளும். முன்பகுதியில் பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன ட்யூப். பின்பகுதியில் இஎல்34, 6எல்6 போன்ற பெரிய ட்யூப். அளவுக்கு மீறி சிக்னல் கொடுத்தால் அலையின் உச்சி மழுங்கும். அந்த மழுங்கல்தான் ராக் கிட்டாரின் கரகரப்பு.

இதை டிஜிட்டலில் செய்ய இரண்டு வழி. முதல் வழி, சர்க்யூட்டில் இருக்கும் ரெசிஸ்டர், கெபாசிட்டர், ட்யூப் எல்லாவற்றையும் கணக்காக எழுதி ஒரு சிப்புக்குள் ஓட விடுவது. இது மாடலிங். 2006-ல் வந்த ஃப்ராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2015-ல் வந்த லைன் 6 ஹீலிக்ஸ் எல்லாம் இந்த வகை. இரண்டாவது வழி, சர்க்யூட் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும் என்று, நிஜ ஆம்ப்புக்குள் சோதனைச் சத்தங்களை அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டு, உள்ளே போனது எப்படி மாறியது என்று கற்றுக்கொள்வது. இது ப்ரொஃபைலிங் அல்லது கேப்சர். ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் 2011-ல் அறிமுகப்படுத்திய கெம்பர் பெட்டி இதைப் பிரபலமாக்கியது. இப்போது ஸ்டீவன் அட்கின்சன் எழுதிய நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருள் நியூரல் நெட்வொர்க் வைத்து இதையே செய்கிறது. மூன்று நிமிடச் சொச்ச ஆடியோ ஒன்றை ஆம்ப்புக்குள் விட்டுப் பதிவு செய்தால் போதும், கம்ப்யூட்டர் உட்கார்ந்து படித்துக்கொள்ளும்.

பாடம் முடிந்தது. இனி சண்டை.

1. எதுங்க ஒரிஜினல்?

"டூப்ளிகேட் டூப்ளிகேட்தான்" என்பது முதல் வாதம். நல்லது. மார்ஷல் ஆம்ப் ஒரிஜினலா?

லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். 1962-ல் அவருடைய ஆட்கள் கென் பிரானும் டட்லி கிரேவனும் முதல் மார்ஷல் ஆம்ப்பைச் செய்தார்கள். பெயர் ஜேடிஎம்45. அதன் சர்க்யூட் எங்கிருந்து வந்தது? அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பாஸ்மேன் ஆம்ப்பிலிருந்து, கிட்டத்தட்ட அப்படியே. கவனிக்க: பாஸ்மேன் என்பது பெயரிலேயே இருப்பதுபோல் பாஸ் கிட்டாருக்கான ஆம்ப். இங்கிலாந்தில் கிடைத்த உதிரி பாகங்களும், நாலு 12 இன்ச் செலஸ்டியன் ஸ்பீக்கரை அடைத்த மூடிய பெட்டியும் சேர்ந்ததால் சத்தம் மாறியது. பாஸ் ஆம்ப்பைப் பார்த்து எழுதிய காப்பிதான் இன்று "ராக் கிட்டாரின் ஒரிஜினல் சத்தம்". பர்மா பஜார் தத்துவம் அன்றே லண்டனில் இருந்திருக்கிறது :)

சரி, காப்பியை மன்னித்து மார்ஷலையே ஒரிஜினல் என்று வைத்துக்கொள்வோம். எந்த மார்ஷல்? அந்தக் காலத்து கார்பன் ரெசிஸ்டர்களில் எழுதியிருக்கும் மதிப்புக்கும் நிஜ மதிப்புக்கும் 10 சதவீதம் முதல் 20 சதவீதம் வரை வித்தியாசம் அனுமதி. ஒரு ஆம்ப்பில் அப்படிப்பட்ட ரெசிஸ்டர்கள் டஜன் கணக்கில் இருக்கும். கெபாசிட்டர்கள் வயதாக ஆகக் காய்ந்து மதிப்பு மாறும். ட்யூப் தேயும். ஒரே வருடம், ஒரே மாடல், ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு ஆம்ப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. இதைப் பக்தர்களே பெருமையாகச் சொல்வார்கள். "என்னோடது ஸ்பெஷல் பீஸ்" என்று.

அதோடு மின்சாரம். எட்டி வான் ஹேலன் ஆரம்ப நாட்களில் வேரியாக் என்ற கருவியை வைத்து மார்ஷலுக்குப் போகும் வோல்டேஜையே குறைத்து வாசித்தார் என்பது கிட்டார் உலகம் முழுக்கத் தெரிந்த கதை. வோல்டேஜ் மாறினால் சத்தமும் தொடுஉணர்வும் மாறும். அப்படியானால் சாயங்காலம் ஆறு மணிக்கு டியூப்லைட் கண் சிமிட்டும் தெருவில் ட்யூப் ஆம்ப் வைத்திருப்பவர், தினமும் ஆறு மணிக்கு வேறு ஆம்ப் வாசிக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டு நிஜ ஆம்ப்புகளுக்கு நடுவே இவ்வளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்கிறீர்கள். அதை "குணம்" என்கிறீர்கள். அதைவிடச் சின்ன வித்தியாசம் ஒரு டிஜிட்டல் பெட்டியில் வந்தால் மட்டும் "உயிர் இல்லை". இது என்ன நியாயம்? கணக்குப் பதிவியலில் இதற்கு ஒரு விதி உண்டு, ஒரே மாதிரி இனத்துக்கு ஒரே மாதிரி முறை. ஆளுக்கு ஒரு முறை வைத்தால் ஆடிட்டர் சும்மா விட மாட்டார்.

2. நீங்க கேட்டது எதை?

இது எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பக்தர் செய்யும் பரிசோதனை எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு பக்கம் நிஜ ஆம்ப், அறைக்குள் ஸ்பீக்கர் அதிர, பேன்ட் துணி ஆட வாசிப்பார். இன்னொரு பக்கம் மாடலரை ஹெட்ஃபோனில் கேட்பார். "ச்சே, உயிரே இல்ல" என்பார்.

அவர் ஒப்பிட்டது மாடலரையும் ஆம்ப்பையும் அல்ல. ஒரு அறையையும் ஒரு மைக்கையும்.

மாடலர் தரும் சத்தம், ஆம்ப்பின் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக் வைத்து, அந்த மைக்கின் வழியாகக் கேட்கும் சத்தம். 1965-ல் வந்த ஷூர் எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கரின் வலைத்துணியை ஒட்டி வைப்பது இன்று வரை வழக்கம். மைக்கை ஒரு இன்ச் நகர்த்தினால் சத்தம் தலைகீழாக மாறும், ஆம்ப்பில் எந்தக் குமிழைத் திருகுவதையும்விட அதிகமாக. டிஜிட்டலில் இந்த ஸ்பீக்கர், மைக், வைத்த இடம் மூன்றையும் சேர்த்துப் பிடித்து வைத்த ஃபைலுக்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐஆர், என்று பெயர். ஸ்பீக்கர் செய்யும் செலஸ்டியன் கம்பெனியே தன் ஸ்பீக்கர்களின் ஐஆர் ஃபைல்களை விற்கிறது. கடைக்காரரே சரக்கை ஃபைலாக விற்கும்போது நமக்கென்ன கவலை?

இப்போது யோசியுங்கள். பிறந்ததிலிருந்து நீங்கள் காதலித்த அத்தனை கிட்டார் சத்தமும் மைக் வழியாக வந்ததுதான். கேசட்டில் கேட்டாலும் சிடியில் கேட்டாலும் செல்போனில் கேட்டாலும் மைக்தான். பெரிய கச்சேரிக்குப் போய் நின்றாலும் உங்கள் காதுக்கு வருவது மேடையில் இருக்கும் ஆம்ப் அல்ல, அதன் முன்னால் இருக்கும் மைக்கும் இரண்டு பக்கமும் தொங்கும் பெரிய ஸ்பீக்கர்களும். ஆம்ப்பின் "அறைச் சத்தம்" வாசிக்கிறவருக்கும் ஆம்ப் பக்கத்தில் நிற்கிறவருக்கும் மட்டுமே சொந்தம். அது இன்பமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது மாடலர் செய்வதாக வாக்குக் கொடுத்த வேலை அல்ல. இட்லிக் கடையில் போய் பிரியாணி சரியில்லை என்று சண்டை போடாதீர்கள்.

அறைச் சத்தம்தான் வேண்டும் என்றால், ஐஆரை அணைத்துவிட்டு மாடலரை ஒரு பவர் ஆம்ப்போடும் நிஜ கிட்டார் ஸ்பீக்கரோடும் இணைத்து வாசியுங்கள். அப்புறம் ஒப்பிடுங்கள். அதுதான் நேர்மையான போட்டி.

இன்னொன்று. டெஃப் லெப்பர்டின் ஹிஸ்டீரியா ஆல்பம், 1987. கோடிக்கணக்கில் விற்றது. அதில் கேட்கும் கிட்டார்களில் பெரும்பாலானவை மார்ஷல் சுவர் அல்ல, ராக்மேன். பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் 1982-ல் கொண்டுவந்த, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அளவிலான ஹெட்ஃபோன் ஆம்ப். அதற்குள் ட்யூபே கிடையாது. அந்த ஆல்பத்தைக் கேட்டு உருகியவர்கள் யாரும் "உயிர் இல்லை" என்று கேசட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

2013 டிசம்பரில் மெட்டாலிகா அண்டார்டிகாவில் அர்ஜென்டினாவின் கார்லினி தளத்தில் வாசித்தார்கள். சுற்றுச்சூழல் கருதி, கேட்க வந்தவர்களுக்கு ஸ்பீக்கர் வழியாக இல்லாமல் ஹெட்ஃபோன் வழியாகச் சத்தம் போனது. அங்கே கொண்டுபோனது ஆக்ஸ்-எஃப்எக்ஸ் II. ஆம்ப் மலைகளை மேடையில் அடுக்கிப் பேர் வாங்கிய குழுவே அதற்குப் பிறகும் டிஜிட்டலை மேடைக்குக் கொண்டுபோனது. நம்மாளு மட்டும் மொட்டை மாடி ப்ராக்டிஸுக்கு ட்யூப் இல்லாமல் வாசிக்க மாட்டாராம்.

3. சத்தமா வெச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கும்

1933-ல் பெல் லேபில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதக் காதை அளந்து ஒரு வரைபடம் போட்டார்கள். சுருக்கம்: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த ஒலிகளைச் சரியாகக் கேட்பதில்லை. வால்யூமைக் கூட்டினால் அடியொலி திடீரென்று நிறையத் தெரியும். மொத்தச் சத்தமும் "நிறைவாக" தோன்றும். கடையில் இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது விற்க வேண்டியதன் வால்யூமை ஒரு பொட்டு கூட்டி வைப்பது பழைய தந்திரம். வாங்குகிறவர் "இதுதான் நல்லா இருக்கு" என்பார்.

100 வாட் ட்யூப் ஆம்ப்பை மேசை மேல் இருக்கும் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் வேறென்ன வரும்? அதனால் ஒப்பிட வேண்டுமென்றால் குறைந்தபட்சம் மூன்று விதி. ஒன்று, இரண்டின் வால்யூமும் ஒன்றாக இருக்க வேண்டும், காதால் அல்ல மீட்டரால் பார்த்து. இரண்டு, ஒரே வாசிப்பை இரண்டிலும் விட வேண்டும், அதாவது கிட்டாரை நேராகப் பதிவு செய்து அதையே இரண்டுக்குள்ளும் அனுப்ப வேண்டும். மூன்று, எது எது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. பத்துத் தடவை கேட்கட்டும், ஐந்துக்குப் பக்கத்தில் சரியாகச் சொன்னால் காசு சுண்டிப் போட்டதற்குச் சமம்.

இந்த மூன்றையும் செய்துவிட்டு "உயிர் இல்லை" என்று சொல்கிறவரை நான் மதிக்கிறேன். எந்தெந்த இடத்தில் பிடித்தீர்கள் என்று கேட்டுக் கற்றுக்கொள்வேன். செய்யாமல் சொல்கிறவர் சொல்வது கருத்து அல்ல, அருள்வாக்கு.

4. "கைல ஃபீல் வரல"

அடுத்த கட்டம் இது. சத்தம் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டதும் "ஆனா ஃபீல்..." என்று இழுப்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. டிஜிட்டல் என்றால் சிக்னல் உள்ளே போய்க் கணக்குப் போட்டு வெளியே வரக் கொஞ்சம் நேரம் ஆகும். சரியான ஆடியோ கார்டு இல்லாத லேப்டாப்பில் அந்தத் தாமதம் எரிச்சலூட்டும், உண்மை. ஆனால் நல்ல ஹார்ட்வேர் பெட்டிகளில் அது பெரும்பாலும் ஐந்து மில்லி செகண்டுக்குள்தான்.

ஐந்து மில்லி செகண்ட் எவ்வளவு? ஒலி ஒரு செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மில்லி செகண்டுக்கு 34 சென்டிமீட்டர். ஐந்துக்கு 1.7 மீட்டர். அதாவது நிஜ ஆம்ப்பிலிருந்து ஒரு ஆள் உயரம் தள்ளி நின்றாலே அதே தாமதம். மேடையில் மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒன்பது மில்லி செகண்டுக்குப் பக்கம். அங்கே மட்டும் ஃபீல் எப்படி வந்ததாம்? காற்று செய்தால் உயிர், சிப் செய்தால் பிணமா?

5. கம்பெனிக்காரர்களுக்கும் ரெண்டு வார்த்தை

"ஆஹா, மாடலர் கம்பெனிக்கு ஜால்ரா" என்று கிளம்பாதீர்கள். விளம்பரத்தில் "அச்சு அசல்" என்று போடுகிறவர்களும் பாதிதான் சொல்கிறார்கள்.

ப்ரொஃபைல் என்பது போட்டோ. ஆம்ப் அன்றைக்கு, அந்தக் குமிழ்கள் அந்த இடத்தில் இருந்தபோது எப்படி இருந்ததோ அதுதான் கிடைக்கும். பெட்டியில் இருக்கும் பேஸ், ட்ரெபிள் குமிழைத் திருகினால் அது நிஜ ஆம்ப்பின் குமிழ்போல நடக்காது, பொதுவான ஒரு ஈக்வலைசர் போல நடக்கும். நிஜ ஆம்ப்பில் அந்தக் குமிழ்கள் ஒன்றையொன்று இழுக்கும், ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றின் பலன் மாறும். இது குறை என்பது அவர்களுக்கே தெரியும். அதனால்தான் கெம்பர் 2023-ல் லிக்விட் ப்ரொஃபைலிங் என்று குமிழ்களின் குணத்தையும் சேர்க்கும் வசதியைக் கொண்டுவந்தது. அதனால்தான் நியூரல் டிஎஸ்பி கம்பெனி, ஆம்ப்பின் குமிழ்களைத் தானே திருகித் திருகிப் பதிவு செய்யும் ஒரு ரோபோவைச் செய்து 2024-ல் காட்டியது. "ஏற்கெனவே அச்சு அசல்" என்றால் ரோபோ எதற்கு?

அடுத்து ஸ்பீக்கர். பெட்டியில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் ஸ்பீக்கரின் மின்தடை ஒவ்வொரு ஒலிக்கும் வேறு வேறு. அடியொலியில் ஒரு இடத்தில் மலைபோல ஏறும், உயர்ந்த ஒலிகளிலும் மெல்ல ஏறும். ட்யூப் பவர் ஆம்ப் அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். ஸ்பீக்கர் இல்லாமல் எடுத்த கேப்சர் இந்த உறவைச் சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

மூன்றாவது, மடங்கிவரும் சத்தம். 48,000 ஹெர்ட்ஸில் ஓடும் கருவிக்குள் 24,000-க்கு மேல் எதுவும் இருக்க முடியாது. ஆனால் டிஸ்டார்ஷன் என்பதே புதுப்புது உயர்ந்த ஒலிகளைப் பிறப்பிக்கும் வேலை. எல்லை தாண்டுபவை கீழே மடங்கி வந்து, ஸ்வரத்துக்குச் சம்பந்தமில்லாத கீச்சொலியாகக் கேட்கும். கணக்கை இன்னும் வேகமாக ஓட்டி இதைக் குறைக்கலாம், அதற்குச் சிப்பின் பலம் வேண்டும். 1998-ல் வந்த சிவப்பு அவரை விதை போன்ற லைன் 6 பாடைக் கேட்டு "ஈ மொய்க்கிற மாதிரி இருக்கு" என்றவர்கள் பொய் சொல்லவில்லை. அன்றைய சிப்பின் பலம் அவ்வளவுதான். அந்த ஒரு அனுபவத்தை வைத்து இன்றைக்கும் தீர்ப்பு எழுதுவதுதான் தப்பு.

நான்காவது, எண்கள். நியூரல் ஆம்ப் மாடலரில் பயிற்சி முடிந்ததும் பிழை எவ்வளவு என்று ஒரு எண் வரும். 0.01 வந்தால் நல்ல கேப்சர் என்பார்கள். அதாவது சிக்னலின் ஆற்றலில் நூறில் ஒரு பங்கு பிழை. கேட்கப் பிரமாதம், ஆனால் அந்தப் பிழை எந்த ஒலியில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. சராசரி ஒருவரைக் காப்பாற்றாது என்பது புள்ளியியல் வகுப்பில் தூங்கியவருக்கும் தெரியும். ஆற்றின் சராசரி ஆழம் மூன்று அடி என்று இறங்கினவர் கதைதான்.

ஆக, "குறிப்பிட்ட ஒரு செட்டிங்கில் மிகத் துல்லியம், முழு ஆம்ப்பாக இன்னும் முழுமை இல்லை" என்பதுதான் நேர்மையான விளம்பரம். விற்காது, தெரியும்.

6. இனி நம்ம டிபார்ட்மென்ட்

ட்யூப் தேயும் பொருள். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று உலகுக்குக் கிட்டார் ட்யூப் செய்து கொடுப்பவை ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று விரல் விட்டு எண்ணக்கூடிய தொழிற்சாலைகள்தான். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட, ட்யூப் விலை எகிறியது, கடைகளில் தட்டுப்பாடு. உங்கள் "உயிர்" எங்கோ ஒரு நாட்டின் சுங்கத் துறை கையில் இருக்கிறது.

எடை. ஃபெண்டரின் ட்யூப் ட்வின் ரிவெர்ப் சுமார் 29 கிலோ. அதே ட்வின் ரிவெர்ப்பை ஃபெண்டரே 2019-ல் டோன் மாஸ்டர் என்று டிஜிட்டலாகச் செய்தது, சுமார் 15 கிலோ, விலையும் குறைவு. தன் ஆம்ப்பைத் தானே மாடல் செய்து விற்க அந்தக் கம்பெனிக்கே கூச்சமில்லை.

மறுபக்கத்தையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தொகை சமன் ஆகாது. மாடலரின் தேய்மானம் பயங்கரம். புது மாடல் வந்த அன்றே பழையதன் விலை சரியும், செல்போன் மாதிரி. நல்ல ட்யூப் ஆம்ப் முப்பது வருடம் கழித்தும் பழுது பார்த்து ஓட்டலாம், விலையும் நிற்கும். பணம் உள்ளவர் ட்யூப் ஆம்ப் வாங்குவது முட்டாள்தனம் இல்லை.

ஆனால் அவர் அதைச் "சத்தத்துக்காக மட்டும்" என்று சொல்வதுதான் இடிக்கிறது. 1899-லேயே வெப்லன் எழுதிவிட்டார், பிறர் பார்க்கச் செலவழிப்பது என்று ஒன்று உண்டு. விலை கூடுதலாக இருப்பதே அங்கே பொருளின் பயன். இன்னொரு பாடமும் ஞாபகம் வருகிறது. நற்பெயர் என்ற கண்ணுக்குத் தெரியாத சொத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் கணக்கில் காட்டலாம். நாமாக உருவாக்கிக்கொண்ட நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்கிறது கணக்கீட்டுத் தரம் 26. காரணம், அதை நம்பகமாக அளக்க முடியாது. "உயிர்" அப்படிப்பட்ட சொத்துதான். வைத்திருப்பவர் மனதுக்குள் வைத்துக்கொள்ளட்டும், அடுத்தவன் கணக்கில் பற்று எழுத வேண்டாம்.

இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

எங்கள் கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் ஒரு பையன். பகுதி நேர வேலை பார்த்து பழைய கிட்டார் ஒன்று வாங்கியிருக்கிறான். வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் இலவச கேப்சர் ஒன்றைப் போட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹெட்ஃபோனில் வாசிக்கிறான். ஒண்டுக்குடித்தனம், சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. கல்ச்சுரல்ஸுக்கு ஆள் எடுத்தபோது வந்தான். "ஆம்ப் என்ன வெச்சிருக்க?" என்று கேட்டார்கள். சொன்னான். "அது ப்ளேஸ்டேஷன்ல கிரிக்கெட் ஆடுற மாதிரிடா" என்று சிரித்தார்கள். அவன் வாசித்துக் காட்டவே இல்லை. கிட்டாரை உறைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். விற்றுவிடப் போகிறேன் என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சிரித்தவர்களில் ஒருவரிடமும் ட்யூப் ஆம்ப் இல்லை என்பது கூடுதல் தகவல். எங்கோ கேட்ட மந்திரத்தைத் திருப்பிச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஆம்ப் துல்லியம் பற்றிய சண்டை பணக்காரப் பொழுதுபோக்கு மாதிரித் தெரியும். இல்லை. அக்கம்பக்கம் கத்தாமல், கடன் வாங்காமல், ஒரு மார்ஷலின் பதிவுச் சத்தத்தை ஒரு மாணவன் தன் காதுக்குள் கேட்டுக்கொண்டே வாசிக்க முடிவது முன்பு நடக்காத காரியம். இன்று நடக்கிறது, அதுவும் இலவசமாக. அந்த வாசலில் உட்கார்ந்துகொண்டு "உள்ளே வர ட்யூப் இருக்கா?" என்று கேட்கிறவர்கள் சங்கீதத்துக்குச் செய்யும் சேவை என்ன?

அடுத்த ஆள் எடுப்பில் ஒரு ஸ்கிரீன் கட்டுங்கள். பின்னால் நின்று வாசிக்கட்டும். எதில் வாசித்தான் என்பதை வாசித்து முடித்த பிறகு கேளுங்கள். அப்போதும் கேட்கத் தோன்றினால்.

டிஸ்கி: ட்யூப் ஆம்ப் வைத்திருக்கும் யார் மேலும் எனக்குப் பகை இல்லை. நம்பிக்கை இருந்தால் ஒரே ஒரு நாள் இரவல் கொடுங்கள். பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவேன். நடுவில் மூன்று நிமிடச் சொச்சம் மட்டும் ஒரு சின்ன வேலை இருக்கிறது :)